மூன்று கண் போனும் வெள்ளையன் முகமும்

அத்தியாயம் 14

வெள்ளையனைப் பற்றி முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெயரை நம்பி யாராவது பால் நிறத்தில் ஒரு நாயை மனசில் வளர்த்துக்கொண்டிருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. வெள்ளையன் அட்டக் கருப்பு. நெஞ்சில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் புள்ளி உண்டு. குட்டியாக இருந்தபோது அந்தப் புள்ளியைப் பார்த்துச் சின்னராசு வைத்த பெயர் அது. ஜவ்வாது மலையில் அவருடைய சாமைக் காட்டைப் பன்றிகளிடமிருந்து காப்பாற்றுவது அவரும் வெள்ளையனும்தான். இப்போது இரண்டு பேருக்குமே தாடையில் நரை விழுந்துவிட்டது.

அந்த நரைத்த முகத்தை நம்பித்தான் இன்றைக்கு அவர் மகள் கல்பனாவின் எதிர்காலம் நிற்கிறது.

போன வாரம் நடந்ததை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது. ஆலங்காயத்திலிருந்து பெண் பார்க்க வந்த ரேணுகாதேவி அம்மாள், "பொண்ணு இன்னா வேலை பாக்குது?" என்று கேட்டாள். பெங்களூரில் வளர்ப்புப் பிராணிகளைப் படமெடுக்கும் ஸ்டுடியோ ஒன்றில் தொழில் கற்றுக்கொண்டு, சொந்தக் கேமராவோடு வந்திருக்கிறாள் என்று அவள் அம்மா பச்சையம்மா பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"நாய போட்டோ புடிக்க தனியா ஒரு ஆளா? எல்லார் கையிலயும்தான் போன் கீதே! நாளைக்கு ஜனங்க என் மருமவள நாய்க்காரின்னு கூப்ட்டா நான் மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?"

மாப்பிள்ளைப் பையன் ராஜ்குமார் தரையைப் பார்த்தபடியே அம்மா பின்னால் எழுந்து போனான். குடிக்காத காபி ஆறிக் கிடந்தது.

மறுநாள் சின்னராசு மகளைக் கூப்பிட்டார். ஆலங்காயம் கடைத்தெருவில் புளி வியாபாரி மணிவேலுக்கு ஒரு சின்னக் கடை காலியாக இருந்தது. அதில் ஸ்டுடியோ வைக்க வேண்டும் என்பது கல்பனாவின் ஆசை. மணிவேலோ, "உங்கப்பன் வந்து ஒரு வார்த்தை சொன்னா சாவிய குடுத்துர்றேன்" என்றிருந்தார்.

"போன்ல எடுக்க முடியாத ஒரே ஒரு படம் காட்டு. நானே வந்து மணிவேல்கிட்ட பேசறேன். இல்லியா, கேமராவ வித்துட்டு ஆம்பூர் ஷூ கம்பெனி வேலைக்குப் போ. உங்கண்ணன் சொல்லி வச்சிகிறான்" என்றார் சின்னராசு.

இடையில் அந்தக் கடைக்கு ஒரு கோழிக்கறிக் கடைக்காரன் ஆசைப்பட்டுவிட்டான். மணிவேல் நேற்று போன் செய்து, நாளைக்கு விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும்தான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார். அந்த நாளைதான் இன்று.

கல்பனா கணக்காகத்தான் திட்டம் போட்டிருந்தாள். காலை வெயில் பலாமரத்து இலைகளில் வடிந்து வாசலில் விழும்போது வெள்ளையன் பசியோடு இருப்பான். ஈரல் துண்டைக் கேமராவுக்கு மேலே பிடித்தால் காதை விடைத்துக்கொண்டு பார்ப்பான். ஒரே நிமிஷ வேலை.

கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"யம்மா! இன்னாம்மா பண்ணி வச்சிகிற?"

வெள்ளையன் மினுமினுவென்று மின்னினான். தலையிலிருந்து வால்வரை தேங்காய் எண்ணெய். முகத்தில் பவுடர். கருப்பு நாய்க்குக் கருப்பு மையில் திருஷ்டிப் பொட்டு வைத்தால் எங்கே தெரியப்போகிறது என்று, கன்னத்தில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வேறு.

"போட்டோன்னா சும்மாவா? உனக்குக் கொழந்தையில மொத மொதல்ல போட்டோ எடுக்கறப்போ இப்டிதான் சிங்காரிச்சேன்" என்றாள் பச்சையம்மா. "எண்ண மட்டும் இல்ல கண்ணு. நேத்து ராத்திரி மூடி வச்ச கறிக்கொழம்பு இருந்திச்சி. சாமைச் சோத்துல ஊத்திப் பெசைஞ்சி ரெண்டு தட்டு வச்சேன். வவுறு நெறைஞ்சாதானே மூஞ்சி தெளிவா இருக்கும்?"

குழந்தைக்கு அது சரி. நாய்க்கு? வயிறு நிறைந்த வெள்ளையன் ஒரு நீண்ட ஏப்பம் விட்டு, நாலு காலையும் நீட்டி, பலாமரத்தடியில் கண்ணை மூடிவிட்டான். ஈரல் துண்டை மூக்கருகே கொண்டுபோனாள் கல்பனா. ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, 'வேற வேலை இல்லையா உனக்கு' என்பதுபோல மறுபடியும் மூடிக்கொண்டான்.

கல்பனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாவைத் திட்டவும் மனசு வரவில்லை. இந்த வீட்டில் அவள் பக்கம் நிற்கிற ஒரே ஆள் அம்மாதான். அந்த அன்பு எண்ணெயாக வழிந்துகொண்டிருக்கும்போது என்னவென்று திட்டுவது?

"இரும்மா, மறுபடியும் குளிப்பாட்டிக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

அரப்புத் தூளைக் குழைத்துத் தேய்த்து எண்ணெய் போகக் குளிப்பாட்டுவதற்குள் அவள்தான் முழுக்க நனைந்தாள். காலை வெயில் கைவிட்டுப் போனது. உச்சி வெயில் படத்துக்கு ஆகாது. வெள்ளையன் முகத்தைப் பாதி நெருப்பாகவும் பாதி இருட்டாகவும் காட்டும். இனிமேல் வெயில் சாயும் நேரத்தைத்தான் நம்ப வேண்டும். அதற்குப் பிறகு மலையிறங்கி ஆலங்காயம் போய்ச் சேர வேண்டும்.

மத்தியானம் சவாரி முடிந்து ஜீப்பை நிறுத்திவிட்டு வந்தான் அண்ணன் கோகுல்ராஜ். சட்டைப் பையிலிருந்து புதுப் போனை எடுத்தான். முதுகில் மூன்று கண் வைத்த போன். அதை வாங்கிய நாளிலிருந்து ஊரில் அவன் எடுக்காத கோழி இல்லை.

"இன்னா கல்பு, மொதலாளியம்மா, படம் ஆச்சா?"

"வெறுப்பேத்தாதண்ணா."

"வெறுப்பில்லடி. உனக்கு நல்லதுதான் சொல்றேன். இவ்ளோ பெரிய பீரங்கிய தூக்கிகினு ஏன் அலையணும்? இப்பப் பாரு." நின்ற இடத்திலிருந்தே போனை நாய்க்கு நேராக நீட்டினான். "வெள்ளையா! டேய் வெள்ளையா! இங்க பார்றா! வெள்ளையா, வெள்ளையா, வெள்ளையா!"

முதல் இரண்டு தடவை வெள்ளையன் காதை அசைத்தான். பிறகு அதுவும் இல்லை. சும்மா சும்மா பெயரைக் கூப்பிட்டால் நாய்க்கும் காது மரத்துப் போகும் என்பது கோகுல்ராஜுக்கு யார் சொல்வது? அவன் பாட்டுக்கு எடுத்துத் தள்ளினான்.

எடுத்த படங்களைத் தங்கைக்குக் காட்டும்போது அவனுக்கே சுரத்துக் குறைந்தது. கருப்பு நாயைக் கண்டால் போனுக்குப் பதற்றம். ஐயோ இருட்டு என்று தானாகவே வெளிச்சத்தை ஏற்றிவிடும். வெள்ளையன் சாம்பலில் புரண்ட மாதிரி இருந்தான். நின்றபடி எடுத்ததால் தலை பூசணிக்காயாகவும் கால்கள் குச்சியாகவும் தெரிந்தன. பின்னால் இருப்பதை மங்கலாக்குகிறேன் பேர்வழி என்று ஒரு படத்தில் போன் வெள்ளையனின் ஒரு காதையே விழுங்கியிருந்தது.

"காது எங்கண்ணா?"

"அது... வேற படத்துல கீது."

கல்பனா சிரித்துவிட்டாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. "போன் வேஸ்ட்டுன்னு நான் சொல்லலண்ணா. ஓடறது, உருள்றது, சோத்துத் தட்டுல மூஞ்சி வைக்கிறது, அதெல்லாம் நானும் போன்லதான் எடுக்குறேன். கைக்கு வந்த நேரத்துல எடுக்க அதைவிட நல்லது இல்ல. ஆனா வெள்ளையன்னா யாருன்னு ஒரு படத்துல சொல்லணும்னா, அதுக்குக் காத்துக் கெடக்கணும்."

"கெட கெட. மணிவேலு காத்துக் கெடப்பானா?"

கல்பனா கேமராப் பையைத் திறந்தாள். பெங்களூரிலிருந்து கொண்டுவந்த கீச்சுப் பொம்மையை அழுத்திப் பார்த்தாள். பன்றியைத் துரத்திய நாய் கீச்சுப் பொம்மைக்கா அசையும்? கை தட்டினாள். பூனைபோலக் கத்தினாள். கேழ்வரகுத் தட்டையை உரசிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

சோர்ந்துபோய் மண்ணில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு அந்தச் சத்தம் ஞாபகம் வந்தது.

சின்னராசு மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்ததும், காட்டுக்குக் கிளம்புமுன் வாசலில் நின்று தோள் துண்டை ஒரு உதறு உதறுவார். படார் என்று கேட்கும். வெள்ளையன் எங்கே கிடந்தாலும், எப்படிக் கிடந்தாலும், அந்தச் சத்தத்துக்குத் தலை தூக்குவான். மழையில் தூக்குவான், காய்ச்சலில் தூக்குவான், வயிறு முட்டத் தின்றிருந்தாலும் தூக்குவான்.

"அப்பாவ கூப்ட்டு உதறச் சொல்லேன்" என்றாள் விஷயம் கேட்ட பச்சையம்மா.

"வேணாம்மா. சொன்னா செய்ய மாட்டாரு. செஞ்சாலும் அது வெறும் துணி சத்தமா இருக்கும். வெள்ளையனுக்கு வித்தியாசம் தெரியும்."

உள்ளே கயிற்றுக் கட்டில் காலியாக இருந்தது. சின்னராசு எழுந்துவிட்டார். ஆனால் வெளியே வரவில்லை. உள் அறையில் என்னவோ உருட்டிக்கொண்டிருந்தார்.

கல்பனா மரத்து நிழலின் விளிம்பில், வெள்ளையனுக்கு நேர் எதிரே, வயிறு மண்ணில் பட நீட்டிப் படுத்தாள். அவள் தலைக்குப் பின்னால் வாசல். நீளமான லென்ஸை மாட்டி, கேமராவைத் தரையோடு தரையாக வைத்தாள். இப்போது அவள் கண்ணும் நாயின் கண்ணும் ஒரே மட்டம். நாயை நாயின் உயரத்திலிருந்துதான் பார்க்க வேண்டும் என்பது அவள் பெங்களூரில் கற்ற முதல் பாடம். மூடிய கண்ணுக்கு மேலே உள்ள கருப்பு ரோமத்துக்கு ஏற்ற மாதிரி கேமராவில் வெளிச்சத்தைத் திருகி வைத்தாள். குவியத்தை இமைமேல் நிறுத்தினாள். பிறகு அசையவில்லை.

எறும்பு முழங்கையில் ஏறியது. ஏறட்டும். தலையில் பலாச் சருகு விழுந்தது. கிடக்கட்டும். கோகுல்ராஜ் ஜீப்பின்மேல் சாய்ந்துகொண்டு, தங்கை தரையில் கிடக்கிற கோலத்தைப் பார்த்துச் சிரித்து, சும்மா இருக்க முடியாமல் தானும் போனை நீட்டிப் பிடித்தான்.

வெயில் மரத்துக்குக் கீழே இறங்கி மெல்லப் பொன்னிறமாகிக்கொண்டிருந்தது. இன்றைக்கு அப்பா காட்டுக்கே போகாவிட்டால்? ஒரு நாள்கூட அப்படி நடந்ததில்லை. இன்றைக்குப் பார்த்து நடந்துவிடுமோ?

படார்!

வெள்ளையன் தலையைத் தூக்கினான். எப்படித் தூக்கினான் என்கிறீர்கள்! தூக்கம் எங்கே போனது, கறிக்குழம்பு மயக்கம் எங்கே போனது? காது இரண்டும் நட்டுக்கொண்டு நின்றன. கழுத்து நிமிர்ந்தது. கண்கள் கல்பனாவின் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்தன. 'போலாமா?' என்று கேட்கிற பார்வை அது.

அவள் விரல் அழுத்தியது. ஒரே தடவை. அடுத்த நொடி வெள்ளையன் எழுந்து அவளைத் தாண்டி ஓடிவிட்டான்.

மண்ணில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். கருப்பு கருப்பாகவே இருந்தது. ஒவ்வொரு ரோமமும் தனித்தனியாக எண்ணும்படி இருந்தது. தாடை நரை, பன்றி கிழித்த பழைய தழும்பு, ஈர மூக்கு. கன்னத்தில் அரப்புக்கும் அசையாத சுண்ணாம்புப் பொட்டின் மிச்சம்கூட இருந்தது. திரையில் நாயின் கண்ணைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

வெள்ளையன் கண்ணுக்குள் ஒரு வாசல் இருந்தது. வாசலில் ஒரு ஆள் துண்டை உதறிக்கொண்டு நின்றார்.

அந்த ஆள் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

கல்பனா பார்த்ததையே மறுபடி பார்த்தாள். காட்டுக்குப் போகிறவர் பனியனோடுதானே போவார்? கல்யாணத்துக்கும் ஊர்ப் பயணத்துக்கும் என்று பெட்டியில் மடித்து வைத்த சட்டை அல்லவா அது? சட்டென்று திரும்பினாள். நிஜமாகவே சின்னராசு சலவைச் சட்டையோடு, தலையைப் படிய வாரிக்கொண்டு, காலைச் சுற்றும் வெள்ளையனோடு நின்றிருந்தார்.

"யப்பா... எங்கப்பா கெளம்பிட்ட?"

கள்ளத்தனம் பிடிபட்ட முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "மொதல்ல படத்த காட்டு" என்றார் சின்னராசு.

காட்டினாள். அவர் கேமராவை இரண்டு கையாலும் வாங்கினார். வெள்ளையனின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். உதடு லேசாக அசைந்தது.

"கண்ண பெருசாக்கிப் பாருப்பா."

பார்த்தார். "இது யாரு?"

"நீதான்ப்பா."

கோகுல்ராஜ் ஓடி வந்து எட்டிப் பார்த்தான். சின்னராசு நியாயம் தவறாதவர். "நீயும்தானே அப்ப எடுத்த? உன் படத்தையும் பெருசாக்கு" என்றார் மகனிடம். கோகுல்ராஜ் போன் திரையில் வெள்ளையன் கண்ணை விரலால் விரித்தான். விரிக்க விரிக்க அது உருகிய மெழுகாகி, கடைசியில் கண் இருந்த இடத்தில் சாம்பல் கட்டங்கள்தான் மிச்சம்.

"நான் தோத்துட்டேன்ப்பா" என்றான் கோகுல்ராஜ். சொல்லும்போது அவன் முகத்தில் வருத்தமே இல்லை. தங்கையின் தலையிலிருந்து பலாச் சருகை எடுத்துப் போட்டான். "ஆனா என் படத்தையும் பாரு கல்பு."

அவன் போனில் முழு வாசலும் இருந்தது. துண்டு உதறும் அப்பா, தலை தூக்கிய வெள்ளையன், நடுவில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் கல்பனா. அவள் தன்னை வேலை செய்யும் கோலத்தில் இதுவரை பார்த்ததே இல்லை. 'நான் இப்படியா இருப்பேன்?' என்று அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தப் படத்தைப் போன்தான் எடுக்க முடியும், பக்கத்தில் நிற்கிற அண்ணன்தான் எடுக்க முடியும்.

சின்னராசு கேமராவை மகளிடம் கொடுத்தார். "இத்தினி வருசமா அது என்னிய பாக்குதுன்னு தெரியும். இப்டி பாக்குதுன்னு தெரியாமப் போச்சே" என்றார். உடனே மகன் பக்கம் திரும்பி அதட்டினார். "இன்னாடா நிக்கிற? வண்டிய எட்றா! விளக்கு வைக்கிற நேரம் ஆவப்போவுது."

"யோவ், மணிவேலுகிட்ட போவ காலையிலயே சட்டைய எடுத்து வச்சிட்டு, ஒண்ணுமே தெரியாத மாரி படுத்திருந்தியே!" என்று பச்சையம்மா வாசலிலேயே கையைத் தட்டிச் சிரித்தாள்.

ஜீப் வளைவு வளைவாக இறங்கியது. பாதி வழியில் டவர் கிடைத்ததும் கோகுல்ராஜ் வண்டியை ஓரங்கட்டி, கேமராவிலிருந்து வாங்கிய வெள்ளையன் படத்தையும் தான் எடுத்த படத்தையும் ஸ்டேட்டஸில் போட்டான். கீழே 'என் தங்கச்சி' என்று மட்டும் எழுதினான். கல்பனா அதை இரண்டு தடவை படித்தாள்.

ஆலங்காயம் கடைத்தெருவில் மணிவேல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நின்றிருந்தார். கோழிக்கறிக்காரன் பைக்கில் சாய்ந்து காத்திருந்தான்.

சின்னராசு ஜீப் நிற்பதற்குள் இறங்கினார். "மணிவேலு, கடை எம் பொண்ணுக்கு."

"இன்னா கடைண்ணே?" தெரிந்தே கேட்டார் மணிவேல்.

"நாய, பூனைய, ஆட்ட, மாட்ட, யாருக்கு எது உசுரோ அத படம் புடிக்கிற கடை." தெருவே கேட்கும்படி சொன்னார் சின்னராசு. போன வாரம் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன காபிக்கு இன்றைக்குத்தான் பதில் கிடைத்த மாதிரி கல்பனாவுக்கு இருந்தது.

மணிவேல் சிரித்தபடி சாவியை அவள் கையில் வைத்தார். கோழிக்கறிக்காரன் பைக்கை உதைத்துக் கிளப்பினான்.

அந்த நேரம் பார்த்துக் கோகுல்ராஜின் போன் அடித்தது. திரையைப் பார்த்தவன் முகம் மாறியது. "யப்பா... ரேணுகாதேவியம்மா."

"சத்தமா போடு" என்றார் சின்னராசு.

"தம்பி, உன் ஸ்டேட்டஸ்ல பார்த்தேன்." அன்றைக்குக் கேட்ட அதிகாரக் குரல் இல்லை இது. "அந்த நாய் கண்ணு... அத எடுத்தது உந்தங்கச்சிதானா? எங்க வூட்ல ஜூலின்னு ஒண்ணு கீது. வெள்ளப் பொமரேனியன். வயசாயிடுச்சி, டாக்டரு இனிமே கஷ்டம்னுட்டாரு. போன் பூரா அது போட்டோதான். எடுத்து எடுத்துப் பாக்குறேன், ஒண்ணுலயும் என் ஜூலி இல்லப்பா. அந்தப் பொண்ணு எடுத்துத் தருமா? கேக்க எனக்கு மூஞ்சி இல்ல. தெரிஞ்சேதான் கேக்குறேன்."

இந்த ஒரு வாரமாகக் கல்பனா அந்த அம்மாளிடம் கேட்க நாக்கு நுனியில் எத்தனையோ வார்த்தைகளை வைத்திருந்தாள். நறுக்கென்று நாலு. இப்போது கேட்டால் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். அண்ணனிடமிருந்து போனை வாங்கினாள்.

"யாரும்மா தூக்கினு வருவாங்க?"

கொஞ்சம் தயங்கிப் பதில் வந்தது. "ராஜ்குமாருதான். அவன் கைக்குத்தான் அது அடங்கும்."

சின்னராசு மகள் முகத்தைப் பார்த்தார். கோகுல்ராஜும் பார்த்தான். கல்பனா சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"காலையில வெயில் ஏறதுக்குள்ள வரச் சொல்லுங்கம்மா. ஒண்ணே ஒண்ணு. எண்ண தேய்க்காதீங்க, பவுடர் போடாதீங்க. டாக்டர் சொன்ன மருந்து சாப்பாடு தவிர வேற எதுவும் ஊட்டாம கூட்டினு வாங்க."

போனை வைத்துவிட்டு ஷட்டரைப் பிடித்து மேலே தள்ளினாள். துருப்பிடித்த ஷட்டர் தெரு முழுக்கக் கத்திக்கொண்டே ஏறியது.

சின்னராசு தோள் துண்டை எடுத்து ஓங்கி ஒரு உதறு உதறினார். "சீக்கிரம் வூடு போய்ச் சேரலாம் வாங்க" என்றார். "காலையில நானும் வர்றேன். அந்தப் பையன் இந்த தடவயாவது நிமிந்து பாக்குறானான்னு நான் பாக்கணும்."